ஆபீசர் கழற்றிய பெட்டி

போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே வரவில்லை.

ஆபீசர் படகின் பின்தளத்தில் மண்டியிட்டு, திருப்புளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துத் திருகினார். இடது பக்கம் திருகினால் இடது பக்கம் சுற்றியது. வலது பக்கம் திருகினால் வலது பக்கம் சுற்றியது. எந்தப் பக்கம் என்றாலும் அதற்குச் சம்மதம்தான். இருந்த இடத்தை விட்டு மட்டும் ஒரு நூல்கூட எழும்பவில்லை.

“அடியில நட்டும் சேந்து சுத்துது சார்!” என்றது கீழே இருந்து ஒரு குரல்.

படகு பட்டறைக் கொட்டகையில் முட்டுக்கட்டைகள் மேல் ஏற்றி நிறுத்தப்பட்டிருந்தது. குரல் வந்த இடம், கொட்டகையின் ஓரத்தில் கண்ட கண்ட சாமான்களைப் போட்டு உட்கார்ந்திருக்கும் நால்வர் கூட்டம். வக்கீல், பல் டாக்டர், டிராயிங் மாஸ்டர், தொப்பிக்காரர். நால்வரும் ஓய்வு பெற்றவர்கள். காலையில் வருவார்கள், கேன்டீன் அம்மா கொண்டுவரும் டீயைக் குடிப்பார்கள், படகை அண்ணாந்து பார்ப்பார்கள், யோசனை சொல்வார்கள், மதியம் சாப்பாட்டுக்குப் போவார்கள். பிறகு மறுபடி வருவார்கள்.

“எனக்குத் தெரியும்” என்றார் ஆபீசர், திரும்பிப் பார்க்காமல்.

அவருக்குத் தெரியாது. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கிறவன் சொல்லி ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வதைவிட, தெரியாமலே இருந்துவிடுவது கௌரவம் என்பது அவருடைய கொள்கை.

பிஸ்கட் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தவர் அவர். ஓரம் உடைந்தது, கருகியது, மேலே எழுத்து சரியாக விழாதது என்று வாழ்நாள் முழுக்க பிஸ்கட்டை ஒதுக்கித் தள்ளினார். ஓய்வு பெற்ற பிறகு பிஸ்கட் கிடைக்காததால் மனிதர்களை ஒதுக்க ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுக்காரர் தேறவில்லை. பால்காரர் தேறவில்லை. மச்சினன் முதல் ரவுண்டிலேயே அவுட். வீட்டில் தேறியவர் என்று பார்த்தால் அவர் ஒருவர்தான்.

அப்பேர்ப்பட்டவர் முதல் பார்வையிலேயே பாஸ் போட்ட ஒரே பொருள் இந்தப் படகு. வலை போடும் படகு அல்ல. வசதி படைத்தவர்கள் பொழுதுபோக்காகத் தூண்டில் போடப் போவார்களே, அந்த ரகம். பழசுதான். வெள்ளை நிறம் மஞ்சளடித்து, பளபளப்பு செத்துப் போயிருந்தது. பின்தளத்து நடுவில் வட்டமாக ஒரு ஒட்டு, ஓரத்தில் நீளமாக ஒரு ஒட்டு என்று யாரோ புட்டி வைத்துப் பூசியிருந்தார்கள். “முன்னாடி வச்சிருந்தவன் எவனோ அரைகுறை” என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார். ஆனாலும் அந்த மூக்கு நிமிர்ந்து நின்ற அழகு அவரை ஆட்டிவைத்தது. அதில் உட்கார்ந்து, கையில் தூண்டிலோடு கடலைப் பார்க்க வேண்டும் என்று நிஜமாகவே ஏங்கினார். அவர் வாயால் யாரிடமும் சொல்லாத ஏக்கம் அது.

வாயால் சொன்னது வேறொன்று. மகள் கல்யாணத்தில் சம்பந்தி கை கழுவிக்கொண்டே கேட்டார்: “ரிட்டயர்டு ஆயாச்சுன்னு சொன்னாங்க. வீட்ல சும்மாதான் இருக்கீங்களா?”

அந்த ‘சும்மா’ ஆபீசரைச் சுருக்கென்று தைத்தது.

“சும்மாவா? சொந்தமா ஒரு போட்டு வச்சிருக்கேன் சம்பந்தி. மீன் பிடிக்கக் கெளம்பிடுவேன்.”

“அட! அப்ப ஒரு தடவ எங்களையும் கூட்டிட்டுப் போங்க.”

அந்த ஒரு தடவை இப்போது வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வருகிறார். மனைவி அதுவரைக்கும்கூட அவரை நிம்மதியாக விடவில்லை.

“ஏங்க, அவரு வர்றப்ப அது தண்ணியில நிக்கணும். இல்லன்னா அது நம்மகிட்ட இருக்கக் கூடாது. ஊரெல்லாம் என்னப் பாத்து, ‘உங்க வீட்டுக்காரர் கப்பல் கட்டி முடிச்சிட்டாரா’ன்னு கேக்குது.”

பார்க்கப் போனால் வேலை சின்னதுதான். பெயிண்ட் அடித்தால் படகு தயார். பின்தளத்தின் முன்சுவரை ஒட்டி ஒரு பெரிய பெட்டி. மேலே கை கழுவும் தொட்டி, அதையொட்டி உயிர் இரையை நீந்த விடும் தொட்டி, கீழே தூண்டில் சாமான் வைக்க இழுப்பறைகள். படகோடு படகாகப் பதித்த இரைப்பெட்டி.

“சார், பெட்டியச் சுத்தி டேப்பு ஒட்டிட்டு அடிச்சிடலாம்” என்றான் பெயிண்டர்.

“அப்ப பெட்டிக்கு அடியில?”

“அடியில யாரு சார் பாக்கப்போறா?”

“கழட்டாம பெயிண்ட் அடிக்கிறவன் சோம்பேறி. நான் கழட்டித் தரேன். அப்புறம் அடி.”

பெயிண்டர் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு அடுத்த கொட்டகைப் படகுக்குப் போய்விட்டான். ஆபீசரின் கையைப் பிடித்துக் குலுக்கியவர் பட்டறை முதலாளி ஒருவர்தான். இந்தப் படகை அவருக்கு விற்றவரும் அவரே.

“தாராளமாக் கழட்டுங்க சார். கழட்டினாத்தான் வேல சுத்தம்” என்றார் முதலாளி. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த திருப்தியை ஆபீசர் தனக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

இப்போது சனிக்கிழமை காலை. போல்ட் சுற்றுகிறது. அடியில் ஒருவன் நட்டைப் பிடித்துக்கொள்ளாமல் நடக்காது. ஆபீசர் மச்சினனுக்குப் போன் போட்டு வரவழைத்தார்.

மச்சினன் பின்தளத் தரையில் இருந்த சதுர மூடியைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டான்.

“மாமா, உள்ள போயிருவேன். திரும்ப வர முடியுமான்னுதான் தெரியல.”

“போகத் தெரிஞ்சவனுக்கு வரத் தெரியாதா? எறங்குடா!”

மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் இறங்கினான். ஆபீசர் மேலே திருப்புளியோடு தயாரானார்.

“புடிச்சியா?”

“எத மாமா?”

“நட்ட!”

“எந்த நட்ட?”

“சுத்துறத!”

“இங்க எல்லாமே சுத்துது மாமா. டீசல் நாத்தத்துல எனக்குத் தலையும் சேந்து சுத்துது.”

கீழே நால்வர் கூட்டத்தில் சிரிப்புச் சத்தம். பல் டாக்டர் குரல் கொடுத்தார்: “மூணாவது நட்டு மொழுக்குனு தேஞ்சு போயிருக்கும். ஸ்பேனர் நிக்காது. இடுக்கிதான் போடணும்!”

ஆபீசருக்குச் சுர்ரென்று ஏறியது. “டாக்டர், நீங்க உக்காந்த எடத்துல இருந்து படகோட வயித்துக்குள்ள பாக்குறீங்களா?”

“குத்துமதிப்பாச் சொன்னேன்” என்றார் டாக்டர். மற்ற மூவரும் ஏனோ டீ கிளாஸுக்குள் பார்த்தார்கள்.

“மாமா” என்றது தரைக்கு அடியிலிருந்து. “மூணாவதுல ஸ்பேனர் நிக்க மாட்டேங்குது. இடுக்கி குடுங்க.”

ஆபீசர் இடுக்கியைக் கொடுக்கவில்லை. அவர் கொடுத்தால் டாக்டர் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். ஸ்பேனரையே துணி சுற்றிப் பிடிக்கச் சொன்னார். மச்சினன் கையில் தோல் போனதுதான் மிச்சம். கடைசியில் அவன் தன் பாக்கெட்டில் இருந்த சாவிக் கொத்தை நட்டுக்கு இடையில் செருகி எப்படியோ நிறுத்தினான். போல்ட்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஆபீசர் அவற்றை வரிசையாக அடுக்கி, பெருமையோடு கீழே பார்த்தார்.

“வந்துருச்சு பாத்தீங்களா!”

“போல்ட்டு வந்துருச்சு. பெட்டி வரணுமே” என்றார் வக்கீல். அவர் கால் வைக்கப் பலகையுள்ள சுழல் நாற்காலியில் அமர்ந்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றார். அந்த நாற்காலியில் மற்ற மூவரையும் அவர் உட்காரவிட்டதில்லை. டாக்டரும் தன் நீளப் பெட்டியில் வேறு ஆளைச் சேர்த்ததில்லை. வேலை இல்லாதவனுக்கு இதுவே பெரிய சொத்து என்று ஆபீசர் ஏளனமாக நினைத்தார்.

பெட்டி அசையவில்லை. அடியில் சுற்றிலும் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஆபீசர் கத்தியால் கீறினார். ஆணியால் நெம்பினார். கடைசியில் கடப்பாரையைக் கொண்டுவந்து இடுக்கில் செருகினார்.

“கடப்பாரை வேணாம் சார்!” என்று நால்வரும் எழுந்து நின்று கத்தினார்கள்.

நால்வரும் ஒரே குரலில் சொன்னதால் அது தப்பாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, ஆபீசர் முழு பலத்தோடு அழுத்தினார்.

தொப்பென்று ஒரு சத்தம். பெட்டி பெயர்ந்தது. தனியாக அல்ல. அடியில் இருந்த தரையின் மேல்தோலையும் ஒரு பாளமாகப் பிடுங்கிக்கொண்டு பெயர்ந்தது. படகு பின்பக்கமாகச் சற்றே சாய்ந்து நின்றதால் அப்படியே வழுக்கிக்கொண்டு போய், இரண்டு பக்கச் சுவருக்கும் இடையில் குறுக்காகச் சிக்கி, மச்சினன் இறங்கிய ஓட்டையின் மேல் சரியாக உட்கார்ந்தது.



“மாமா” என்றது அடியிலிருந்து. “கரண்டு போயிருச்சா?”

ஆபீசர் பெட்டியைத் தள்ளினார். இழுத்தார். முதுகை முட்டுக் கொடுத்து உதைத்தார். அது உதைத்த பக்கமாக இன்னும் இறுகியது.

“பெட்டிய ரெண்டா அறுத்துருங்க” என்றார் படுக்கப் போட்ட குட்டை ஏணியில் உட்கார்ந்திருந்த டிராயிங் மாஸ்டர். “வேற வழியே இல்ல.”

“பெட்டி போனாப் போகுது. தரையில மட்டும் கைய வச்சுடாதீங்க” என்றார் தொப்பிக்காரர். அவர் குரல் கெஞ்சியது. கவிழ்த்துப் போட்ட தொட்டியிலிருந்து பாதி எழுந்தும் விட்டார்.

ஆபீசர் நிமிர்ந்து நின்றார். “இந்தப் பெட்டி படகோட பொறந்தது. இத அறுக்கச் சொல்றீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா? தரையா, ஃபைபர்தானே, வெட்டி ஒட்டிக்கலாம்.”

ரம்ப மெஷினை எடுத்தார். “டேய், கொஞ்சம் ஓரமா ஒதுங்குடா!”

“எந்த ஓரம் மாமா?”

“சத்தம் வராத ஓரம்!”

மச்சினன் வெளியே வந்தபோது தலை முதல் கால் வரை வெள்ளையாக இருந்தான். கீழே இறங்கிப் போய், முகம் கழுவி, அக்காவுக்குப் போன் போட்டான். பேசி முடித்துவிட்டுப் போனை மாமாவிடம் நீட்டினான்.

“தரையையா அறுத்தீங்க?” என்றாள் மனைவி.

“ஒம் தம்பியக் காப்பாத்தினேன்!”

“அவன உள்ள போட்டது யாரு? சரி, அத அப்புறம் பேசுறேன். அவங்க நாளைக்கு வரல.”

ஆபீசருக்கு உயிர் வந்தது. “வரலையா?”

“இன்னைக்கே வந்துட்டாங்க. வீட்லதான் இருக்காங்க. போட்டப் பாக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. கெளம்பிட்டோம்.”

வந்த உயிர் திரும்பிப் போனது.

ஆபீசர் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி ஓடினார். தரையில் ஓட்டை. அதன் குறுக்கே பெட்டி. ஓட்டையை மறைக்கலாம், பெட்டியை எங்கே மறைப்பது? முதலாளியிடம் போய் நின்றார். முதலாளி ஒரு கேள்வியும் கேட்காமல் கிரேனை அனுப்பினார். அவரே முன்னால் நின்று கையையும் காட்டினார்.

கிரேன் பெட்டியைத் தூக்கியது. சிக்கியிருந்த பெட்டி படாரென்று விடுபட்டு, போகிற போக்கில் பக்கவாட்டுக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டது. ஆபீசர் “நிறுத்து, நிறுத்து” என்று குதித்தார். கிரேன்காரன் நிறுத்தத்தான் செய்தான். ஆனால் பெட்டி ஆடிக்கொண்டே போய், முன்பக்கக் கண்ணாடியை நிதானமாகத் தட்டியது. கண்ணாடி பொடிப்பொடியாக உதிர்ந்தது.

“அப்படியே இவங்க பக்கமா எறக்குப்பா” என்றார் முதலாளி, நால்வர் கூட்டத்தைக் காட்டி. “வீணாப் போகாது.”

ஆபீசர் ஓட்டையின் மேல் ஒரு பழைய கார்பெட்டை விரித்துச் சரிசெய்யவும், கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

சம்பந்தி ஏணியில் ஏறி மேலே வந்தார். பின்னால் மனைவி. சம்பந்தியம்மா காரிலேயே இருந்துகொண்டார்கள். சம்பந்தி கம்பி பிய்ந்துபோன இடத்தைப் பார்த்தார். கண்ணாடி இல்லாத சட்டத்தைப் பார்த்தார்.

“காத்தோட்டமா இருக்கு” என்றார்.

“எல்லாம் புதுசா வருது சம்பந்தி. இங்க வாங்க, இப்படி நில்லுங்க. இங்க உக்காந்துதான் தூண்டில் போடுறது. பெரிய மீன் மாட்டிச்சுன்னு வைங்க, நாம இப்படிப் பின்னாடி சாஞ்சு, ரெண்டு கையாலயும் இழுத்து…”

கற்பனை மீன் பெரியதாக இருந்திருக்க வேண்டும். ஆபீசர் அதை இழுத்துக்கொண்டே இரண்டடி பின்னால் வந்தார். இரண்டாவது அடியில் கார்பெட்டோடு உள்ளே போனார்.

இடுப்பு வரைதான் போனார். அதற்குக் கீழே கால் தட்டியது. ஆபீசர் முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை. கையில் அந்த மீனை அப்படியே பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்.

“இங்க நின்னு பாத்தாத்தான் சம்பந்தி, தண்ணி மட்டம் சரியாத் தெரியும்.”

சம்பந்தி குனிந்து அவரைப் பார்த்தார். “கல்யாணத்துல பாத்ததுக்கு இப்ப கொஞ்சம் குள்ளமாயிட்டீங்க” என்றார். பிறகு மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோள் குலுங்க, வெகுநேரம் கொட்டகைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி சிரிக்கவில்லை. ஓட்டைக்குப் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து, தணிந்த குரலில் சொன்னாள்:

“இதுவரைக்கும் கழட்டினது போதும். குடுத்துருங்க.”

அவளிடம் சண்டை போடலாம் என்று ஆபீசர் வாயைத் திறந்தார். ஆனால் அந்தப் படகில் ஒரு நாள்கூடக் கடலைப் பார்க்கவில்லையே என்று அவருக்கு உண்மையாகவே அழுகை வந்தது. மச்சினன்தான் கையைக் கொடுத்து மேலே இழுத்துவிட்டான்.

முதலாளி பேரம் பேசவில்லை. “கவலப்படாதீங்க சார், நான் எடுத்துக்குறேன். பழகின போட்டுதானே” என்றார்.

அதன் பிறகு ஆபீசர் வீட்டில் இருந்தார். சும்மா இருந்தார். மனைவி மடித்து வைத்த துணியில் சுருக்கம் கண்டுபிடித்தார். மச்சினன் வாங்கிவந்த பழத்தில் அடிபட்ட இடத்தைக் காட்டினார். ஒரு நாள் காலையில் மனைவி அவர் கையில் பையைக் கொடுத்து, “பட்டறையில உங்க திருப்புளி, ஸ்பேனரெல்லாம் கெடக்கும். போய் எடுத்துட்டு வாங்க. மெதுவா வந்தாப் போதும்” என்று வாசல் வரை வந்து அனுப்பிவைத்தாள்.

கொட்டகையில் படகு அதே இடத்தில் நின்றது. ஓட்டையை அடைத்து, புட்டி வைத்து, மேலே வெள்ளை பூசியிருந்தார்கள். கம்பியும் கண்ணாடியும் புதுசு. மூக்கு முன்னைவிட நிமிர்ந்து நின்ற மாதிரி இருந்தது. மேலே, புது பூட்ஸ் போட்ட ஒரு ஆள் பின்தளத்து மூலையில் பதித்திருந்த ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டுத் திருகிக்கொண்டிருந்தார்.

“கழட்டிட்டு அடிச்சாத்தான் சுத்தமா இருக்கும்!” என்றார் பூட்ஸ்காரர்.

“தாராளமாக் கழட்டுங்க சார்” என்றார் கீழே நின்ற முதலாளி.

ஆபீசர் திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு பேசாமல் திரும்பிப் போயிருக்கலாம். வாய் கேட்கவில்லை.

“சார்! அதுல அடியில நட்டும் சேந்து சுத்தும்! தரைக்கு அடியில ஆள எறக்காதீங்க!”

பூட்ஸ்காரர் எட்டிப் பார்த்தார். ஓரம் உடைந்த பிஸ்கட்டைப் பார்க்கிற பார்வை அது. ஆபீசருக்கு நன்றாகத் தெரிந்த பார்வை.

“எனக்குத் தெரியும்” என்றார் பூட்ஸ்காரர். பிறகு முதலாளியிடம், சற்று உரக்கவே, “யாரு சார் இவங்கெல்லாம்? வேலவெட்டி இல்லாம” என்றார்.

இவங்கெல்லாம்! ஆபீசர் துடித்துப்போய்த் திரும்பினார். அவருக்குப் பின்னால் வக்கீலும் டாக்டரும் டிராயிங் மாஸ்டரும் தொப்பிக்காரரும் வழக்கமான இடங்களில் அமர்ந்திருந்தார்கள். வரிசையின் கடைசியில், கை கழுவும் தொட்டியின் மேல் பலகை போட்டு, துடைத்துச் சுத்தமாக, அவருடைய இரைப்பெட்டி. அதன் மேல் யாரும் உட்காரவில்லை.

“உக்காருங்க” என்றார் வக்கீல். அவர் குரலில் கேலி இல்லை.

“நான் எதுக்கு உக்காரணும்? நான் சாமான் எடுக்க வந்தேன். உங்க கூட்டத்துல என்னச் சேக்காதீங்க. நானாவது ஒரு போட்டு வாங்கி, நாலு எடத்துல கை வச்சுப் பாத்தவன். நீங்க?”

கேன்டீன் அம்மா தட்டில் ஐந்து கிளாஸ் டீயோடு வந்து, ஐந்தாவதை இரைப்பெட்டியின் மேல் வைத்தாள்.

“டீ ஆறுது, உக்காருங்க சார்” என்றாள். “வக்கீல் சார் அந்த நாற்காலியக் கழட்டினாரு, டாக்டர் அந்த மீன் பெட்டியக் கழட்டினாரு, மாஸ்டர் ஏணியையும் தொப்பி சார் தொட்டியையும் கழட்டினாங்க, அந்தப் போட்ட வாங்கினவங்க எல்லாரும் அவங்கவங்க கழட்டினதுலதான் உக்காந்திருக்காங்க.”